பாலாற்று மணலில் நாலு முட்டை

பங்குனி பிறந்தால் விடிவதற்கு வெகுமுன்னே எங்கள் தெருவில் கரிச்சான் கத்தத் தொடங்கிவிடும். "கரிச்சான் கத்திடுச்சு, எழுந்திருடா" என்பார் தாத்தா. வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு நீட்டி முடித்தாக வேண்டும். வாலாஜாபாத்தில் நாங்கள் நெசவுக் குடும்பம். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும்; தாத்தா நெய்வார், ஒரு பக்கக் கரைக்கு நாடாவைத் தள்ளித் தருவது என் வேலை. மயில்கண், குயில்கண், அன்னம், இருதலைப்பட்சி என்று பறவைகள் எனக்கு முதலில் பழக்கமானது சேலையில்தான்.

"குயில்கண்ணுன்னு ஏன் தாத்தா பேரு?" என்று ஒருநாள் கேட்டேன். வாயால் பதில் சொல்லவில்லை. சித்திரையில் ஒரு காலை, வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தி மேலே காட்டினார். இலைகளுக்குள் கறுப்பாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. அது தலையைத் திருப்பியதும் கண் மட்டும் தனியாகத் தெரிந்தது, குங்குமச் சிவப்பில். எனக்கு வாய்த்த முதல் பறவை வழிகாட்டி அவர்தான்.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்குப் பாலாற்றுக்குப் போவோம். கரையிலிருந்து தண்ணீர் ஓடும் இடத்துக்குப் போவதற்குள் மணல் காலைச் சுட ஆரம்பித்துவிடும், அவ்வளவு அகலம். நடுமணலில் ஒருமுறை ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது. தாத்தா நின்றார். என் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, "பாரு" என்றார். கூழாங்கற்கள்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு அவற்றில் நாலு கற்கள் முட்டையாக மாறின. மண் நிறம், மேலே கரும்புள்ளி, கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்தபடி. கூடு என்று ஒன்றுமில்லை, சிறு குழி. அந்த வழியாக மாட்டுவண்டி வரும் என்று சுற்றிலும் நாலைந்து பெரிய கற்களை எடுத்து வைத்துவிட்டு வந்தார்.

ஒரு வருஷம் திருக்கழுக்குன்றம் அழைத்துப் போனார். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். உச்சிவேளையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்கார்ந்திருக்க, வானத்திலிருந்து வெள்ளையாக இரண்டு இறங்கி வந்து மஞ்சள் முகத்தை நீட்டிச் சாப்பிட்டன. கூட்டம் கைகூப்பியது. கழுகு என்று நாங்கள் கும்பிட்டது மஞ்சள்முகப் பாறு. பிணம் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும் இனம். இன்று அந்த மலைக்குப் பாறு வருவதில்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து நாடு முழுக்கப் பாறு இனங்களை அழித்த பிறகுதான், 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு, பள்ளிப் பிள்ளைகளோடு நானும் பறவை பார்க்கப் போனேன். வழிநடத்தியவர் இருபத்தைந்து வயதுப் பெண். கழுத்தில் இருநோக்கி, பையில் ஜெகநாதனும் ஆசையும் எழுதிய க்ரியா கையேடு, கையில் குரலைக் கேட்டே பெயர் சொல்லும் செயலி. தென்னேரிக் கரை, அறுவடை முடிந்த வயல், கடைசியில் ஆறு என்று வழி. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இன்னும் சில வாரங்களில் வடக்கே கிளம்பிவிடும். ஒவ்வொரு பறவைக்கும் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஐயா, இதுக்கு உங்க வீட்ல என்ன பேரு சொல்வாங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். கரிச்சான் என்றேன். எத்தனையோ வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் வேடந்தாங்கல் என்றார். போகும் முன்பே பிள்ளைகளுக்கு அதன் கதையைச் சொன்னார். பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை தந்தார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர் அது. தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. 2022-இல் கிடைத்த ராம்சர் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆற்றில் இறங்கினோம். மணல் அள்ளி அள்ளிப் பல இடங்களில் களிமண் தெரிகிறது. சீமைக் கருவேலம் நடு ஆறுவரை வந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு மணல் திட்டை நெருங்கும்போது ஆட்காட்டி கத்தியது, அதே அவசரத்தோடு. அந்தப் பெண் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"முட்டை இருக்கும். பின்னால போயிடலாம்."

"பாத்துட்டுப் போலாம்க்கா" என்றான் ஒரு பையன்.

"நம்ம போற இடத்தைக் காக்கா பாத்துக்கிட்டே இருக்கும்டா."

தாத்தா காட்டினார், இவர் காட்டவில்லை. இரண்டுமே சரி என்றுதான் நினைக்கிறேன். அன்று அந்த முட்டை போனால் மறுபடி இட அந்தப் பறவைக்கு ஆறு முழுக்க மணல் இருந்தது. இன்று அதற்கு இருப்பது ஒரு தறிக்கூடம் அளவுத் திட்டு.

திட்டின் ஓரத்தில், கற்கள் சேர்ந்து கிடந்த ஒரு பள்ளத்தில் என் கண் நின்றது. அங்கேதான் இருக்கும் என்று தெரிந்தது. பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாப்பா" என்று அவன் தோளில் கை போட்டுக் கரைப்பக்கம் திருப்பினேன். நாங்கள் மேலேறி ரோட்டுக்கு வரும்வரை அது கத்திக்கொண்டே இருந்தது.