ஊதற்பயன்: பென்டிரைவ் சிகிச்சை மரபில் ஓர் ஆராய்ச்சி

கணினியில் செருகிய பென்டிரைவ் திறக்காவிட்டால் அதைப் பிடுங்கி, வாயருகே கொண்டுபோய், 'ஃபூ' என்று ஊதி, மறுபடி செருகுவது நம் ஜெராக்ஸ் கடைகளில் வழிவழியாக நடந்துவரும் சிகிச்சை. யாரும் யாருக்கும் கற்பித்ததாகத் தெரியவில்லை. ஆயினும் பட்டதாரியும் ஊதுகிறார், பள்ளிப் பிள்ளையும் ஊதுகிறது. இதன் பயனை முறையாக ஆராயப் புலவர் எவரும் முன்வராத காரணத்தால் இக்கட்டுரை எழுந்தது.

முதலில் களம். ஹால் டிக்கெட் பருவம். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை.

"அண்ணா, ஓப்பன் ஆகலைண்ணா."

கடைக்காரர் தலை நிமிர்வதில்லை. "ஊதிட்டுக் குடு தம்பி."

தம்பி ஊதுகிறான். மூடி எப்போதோ தொலைந்த பென்டிரைவ். பேன்ட் பையில் சாவிக்கொத்தோடு கிடந்து வாயெல்லாம் நூலும் தூசியும். கடைக்காரர் வாங்கித் தம் பங்குக்கும் ஒருமுறை ஊதுகிறார். (வாடிக்கையாளரின் ஊதலை எந்தக் கடைக்காரரும் நம்பியதாகச் சான்று இல்லை.) செருகுகிறார். 'டிடிங்'. திறந்துவிட்டது.

ஈண்டு ஓர் ஐயம்: குணம் தந்தது ஊதலா, பிடுங்கலா? ஊதாமல் பிடுங்கிச் செருகினாலும் பெரும்பாலும் அதே 'டிடிங்' கேட்கிறது. பிடுங்காமல் பக்கத்தில் நின்று எவ்வளவு ஊதினாலும் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே பிடுங்கலே மருந்து என்க.

அஃது எங்ஙனம் எனின்: பழைய ரகப் பென்டிரைவின் வாயில் நான்கு தகடுகள் உண்டு. ஓரத்து இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு. நடு இரண்டும் தரவுக்கு. ஓரத்தவை சற்றே நீளம். முதலில் உயிர் வரட்டும், அப்புறம் பேச்சு என்பது வகுத்தவர் கருத்து. செருகியதும் கணினி 'நீ யார், எந்த வகை' என்று விசாரித்து, 1 முதல் 127க்குள் ஓர் எண்ணைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். இந்த விசாரணை நடுவில் தடுமாறினால் பென்டிரைவ் விளக்கு எரிந்தபடியே அநாதையாக நிற்கும். பிடுங்கிச் செருகினால் விசாரணை அடியிலிருந்து தொடங்குகிறது. கூடவே தகடும் தகடும் உராய்வதில் மேலே படிந்த அழுக்கும் கீறப்படுகிறது. வேலை செய்தவை இவ்விரண்டும்; புகழ் போனது வாய்க்கு.

'தூசியாவது பறக்காதோ?' என்பார் ஒருசாரார். பறக்கும். ஆனால் மூச்சோடு ஈரமும் போகிறது, எச்சிலும் போகிறது. முலாம் தேய்ந்த தகட்டில் அந்த ஈரம் நாளடைவில் அரிப்பைத் தரும். ஊதியவர் மதியம் வெற்றிலை போட்டவராயின் அது தனி அத்தியாயம்.

பிடுங்கலுக்கும் வரம்பு உண்டு. 1996இல் பிறந்த யு.எஸ்.பி.யின் இவ்வகைப் போர்ட்டுக்குத் தரநூல் விதித்த ஆயுள் 1,500 செருகல். பின்னர் வந்த டைப்-சிக்கு 10,000. வீட்டில் 1,500 பல ஆண்டுக்குக் காணும். தேர்வுக் காலத்து ஜெராக்ஸ் கடையில் எத்தனை நாளைக்குக் காணும்? விவரமான கடைக்காரர் சிபியூவின் பின்னால் ஓர் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் செருகி மேசைமேல் இழுத்துவிட்டிருப்பார். தேய்வது ஒயர், பிழைப்பது மதர்போர்டு. இத்துறையில் நான் கண்டவற்றுள் உருப்படியான அறிவு இது ஒன்றே.

ஊதலும் பிடுங்கலும் எட்டாத நோயும் உண்டு. 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று திரை சொல்லும்போது கெட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் அட்டவணை. கோப்புகள் அங்கேயே கிடக்கக்கூடும். எழுதி முடிக்குமுன் பிடுங்கியவர்களுக்கு இது அடிக்கடி வரும். அப்போது 'சரி' என்று அழுத்தாமல், புதிதாக எதையும் அதில் ஏற்றாமல், ரெக்கவரி மென்பொருள் வைத்திருப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். நம்மவர் அங்கும் முதலில் ஊதுகிறார். பிறகு 'சரி' அழுத்துகிறார்.

இனி, பயனற்ற ஊதலைத் தடைசெய்யலாமே எனின், அற்றன்று. ஊதுவதற்காகத்தான் நம்மவர் பிடுங்குகிறார். ஊதாதே என்றால் செருகியபடியே விட்டு மவுஸை மாறி மாறி அமுக்குவார், பிறகு சிபியூவின் மண்டையில் தட்டுவார். ஆகவே ஊதல் நீடிக்கலாம்: பென்டிரைவைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி ஊதுக. பயன் அதே.