ஸ்கேன் சொல்லாத வலி

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்த சக ஊழியருக்கு ஸ்கேன் நார்மல். மூன்று மாதமாகியும் தலைவலி, கிறுகிறுப்பு என்கிறார். லீவுக்குச் சாக்குத்தானே?
- வாசகர், தண்டலம்

பதில்: சாக்குச் சொல்பவர் எல்லோரும் நம்பும் காய்ச்சலைச் சொல்லியிருப்பாரே! சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். அதிர்ந்த மூளையின் செயல் தடுமாற்றம் அதில் பதியாது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவது உண்மைதான். அதனால் தேறாதவர் பொய்யராகிவிட மாட்டார். ஒரகடத்துத் தொழிற்சாலை நைட் ஷிப்டில் தூக்கக்கேடும் இயந்திர இரைச்சலும் வலியைக் கூட்டும். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. 49ஆவது மணியிலிருந்து யார்? வேலைக்கு வரும் வழியில் நேர்ந்த விபத்தென்றால் இ.எஸ்.ஐ.யில் பணிக்காயமாகக் கோரலாம். மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பதும் மருந்தல்ல. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக நடமாடச் சொல்கிறது இன்றைய மருத்துவம். பகல் ஷிப்டும் இரைச்சலில்லாத வேலையும் அவருக்குக் கிடைக்க, சூப்பர்வைசரிடம் நீங்களே பேசுங்கள்.