ஜெராக்ஸ் எடுக்காத மிஷின்

எங்கள் வீட்டில் லேசர் பிரிண்டர் வாங்கிய கதையை நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இரண்டே வரியில் முடிந்துவிடும். அந்த இரண்டு வரியும் என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அதற்கு முன் ஒரு இங்க்ஜெட் எட்டு வருஷம் எங்களோடு குடியிருந்தது. குடியிருந்தது என்றா சொன்னேன்? குடித்துக்கொண்டு இருந்தது. நாங்கள் பிரிண்ட் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அதற்குள் அதற்கு மூக்கடைத்துவிடும். ‘ஹெட் கிளீனிங்’ கொடுத்தால் மடக் மடக்கென்று மையைக் குடித்துவிட்டுப் பழையபடி வெள்ளைக் கோடு போடும். மகளின் ஹால் டிக்கெட்டில் அவள் முகம் பச்சையாக வந்த அன்று, அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அவரும் தயங்கித்தான் எடுத்துக்கொண்டார்.

லேசரில் மை கிடையாது, பொடி. பொடி காய்ந்து போகாது. எப்போதாவது பிரிண்ட் எடுக்கிற வீட்டுக்கு இந்த ஒரு காரணம் போதும். ஆனால் என்னைப் போன்ற ஆசாமிக்கு ஒரு காரணத்தோடு கடைக்குப் போக மனசு வருமா? ஒரு மாதம் ஆராய்ச்சி. நாற்பது பக்க நோட்டில் முப்பத்தொரு பக்கம் கணக்கு.

இரவு, தோசை வார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பாடம் நடத்தினேன். “சீப்பைத் தலையில தேய்ச்சுக் காகிதத் துணுக்கை இழுப்போமே, அதே சமாச்சாரம்தான். லேசர், உள்ளே இருக்கிற உருளையில எழுத்தை மின்னேற்றமா வரையுது. பொடி அங்கே போய் ஒட்டிக்குது. அப்புறம் தாளுக்கு மாறி, கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டுல உருகிப் பதியுது.”

“ஏங்க, அதுல வந்து...”

“இரு, இரண்டு பக்கமும் தானா அடிக்கிறதைச் சொல்லி முடிச்சுடறேன்.”

மறுநாளும் “அதுல வந்து” என்று ஆரம்பித்தாள். அப்போது நான் டோனர் கணக்கில் இருந்தேன். பெட்டியில் ‘1500 பக்கம்’ என்று போட்டிருப்பது, ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 5 பங்கு இடத்தில்தான் கறுப்பு விழும் என்று வைத்துச் சொல்கிற கணக்கு. புது மிஷினோடு வருகிற டோனரில் பொடியே குறைவாகத்தான் இருக்கும். இதைக் கண்டுபிடித்த பெருமையில் அவள் கேள்வி என் காதில் விழவில்லை.

ரிச்சி தெருவில் கடைப் பையன் இரண்டு மாடல் காட்டினான். ஒன்று தலைமேல் மூடியும் கண்ணாடியுமாக, நாலாயிரம் ரூபாய் அதிகம். “இதை எடுத்துக்குங்க சார், எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க” என்றான். எல்லாரும் வாங்குவதை வாங்கவா முப்பத்தொரு பக்கம் எழுதினேன்? மூடியில்லாததை, ஒரு பக்கத்துக்கு எத்தனை பைசா ஆகும் என்று அவனுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்து, வாங்கி வந்தேன்.

முதல் வாரம் ஒரு மாலை கரண்ட் போனது. கரண்ட் இல்லாவிட்டாலும் நம் வீட்டில் பிரிண்ட் வரும் என்று காட்டிவிடலாமே! இன்வெர்ட்டர் லைனில் செருகி அழுத்தினேன். அந்த 200 டிகிரிச் சூடு எங்கிருந்து வரும் என்று நோட்டில் எழுத விட்டுப்போயிருந்தது. இன்வெர்ட்டர் ஒருமுறை முனகியது, அதுவும் படுத்தது. மின்விசிறிகள் நின்று, வீடு இருண்டு, அத்தையின் குரல் மட்டும் கேட்டது: “மாப்பிள்ளை ஏதோ பண்றார் போல.”

இதெல்லாம் சில்லறை. மறு வாரம் மனைவி அத்தையின் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். “பேங்க்ல கேக்கறாங்க. இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்க.”

அட்டையை எங்கே வைப்பது என்று மிஷினைச் சுற்றி வந்தேன். முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், மாடு பிடிக்க வந்தவன் பல்லைப் பார்க்கிற மாதிரி தாள் தட்டை இழுத்தும் பார்த்தேன். கண்ணாடி இருந்தால்தானே!

“இது வந்து... பிரிண்ட் மட்டும்தான் எடுக்கும்.”

“ஜெராக்ஸ் எடுக்காதா? அதைத்தானே மூணு நாளா கேட்டேன்.”

அங்கே வாயை மூடியிருக்கலாம். ஆராய்ச்சி விடவில்லை. “உனக்குத் தெரியுமா, லேசர் பிரிண்டரைக் கண்டுபிடிச்சவர் கேரி ஸ்டார்க்வெதர். 1971-லேயே, ஜெராக்ஸ் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில!”

“ஜெராக்ஸ் கம்பெனிக்காரர் கண்டுபிடிச்சது ஜெராக்ஸ் எடுக்காதா?”

நோட்டில் இதற்குப் பதில் இல்லை.

விடுவேனா? செல்போனில் அட்டையைப் படமெடுத்தேன். முதல் படத்தில் என் கட்டைவிரல். இரண்டாவதில் மின்விசிறியின் நிழல். மூன்றாவதை அனுப்பினால், மிஷின் வைஃபையைக் காணோம் என்றது. ஒருவழியாக வந்த தாளில் ஆதார் அட்டை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அத்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிச்சதுரம். அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், மனைவி தெருமுனைக் கடைக்குப் போய் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்து, வழியில் கொத்தமல்லிக் கட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள்.

வாங்கி ஐந்து மாதமாகிறது. இதுவரை அடித்தவை 61 பக்கம். அதில் 14 சோதனைப் பக்கம். பொடி காயவில்லை, அந்த மட்டும் என் கணக்கு சரி. நீங்கள் யாராவது வாங்கப் போவதாக இருந்தால், முதலில் தலையில் மூடி இருக்கிறதா பாருங்கள். உருளை, டோனர், பைசா எல்லாம் அப்புறம்.