கூப்பிட்டவன் குற்றமா, வந்தவன் குற்றமா?

வீட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிடும் கலையில் கண்டி ராஜாக்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அதில் கைதேர்ந்தவர் இரண்டாம் இராஜசிங்கன். வலப்பனைக்கு அடுத்த ஹங்குராங்கெத்தையில் அரண்மனை வைத்து வாழ்ந்தவர், ஆகவே எங்கள் பக்கத்து ஆள். போர்த்துக்கீசரை விரட்டித் தாருங்கள் என்று 1638இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் போட்டார். செலவு என்னுடையது, கறுவாவாகவும் மிளகாகவும் தந்துவிடுகிறேன் என்றார். 1656இல் கொழும்புக் கோட்டை விழுந்தது. ராஜா ஆசையாக வாசலுக்குப் போனால் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. சண்டைச் செலவில் பாக்கி இருக்கிறதாம், அது தீரும்வரை கோட்டை தங்கள் கையில் இருக்குமாம். ஒல்லாந்தன் எழுதிய கணக்குக்கு அடி ஏது, முடி ஏது? இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

மிளகாய் காரம் தாங்காமல் மனுஷன் என்ன செய்தார்? 1672இல் திருகோணமலைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல்களை வாருங்கள் என்றார். பிரெஞ்சுத் தூதனோ அரண்மனையில் மரியாதை தெரியாமல் நடந்து, விலங்கு மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான். கப்பல்களை ஒல்லாந்தன் பார்த்துக்கொண்டான்.

பிறகு 1796இல் ஒல்லாந்தனின் இடத்தில் வெள்ளைக்காரன், அதாவது இங்கிலீஷ்காரன். கண்டியிலோ 1739 முதல் மதுரைப் பக்கத்து நாயக்க வம்சத்தார் சிம்மாசனத்தில். 1798இல் கண்ணுசாமி என்ற பையனை ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனாக்கி உட்கார வைத்தவர் பிலிமத்தலாவ அதிகாரம், அதாவது ராஜாவின் மந்திரி. பையன் பொம்மை, நூல் நம் கையில் என்பது அவர் கணக்கு. பொம்மைக்குச் சொந்தப் புத்தி வந்ததும், அவர் வெள்ளைக்கார ஆளுநர் நோர்த்தோடு பேச ஆரம்பித்தார். நோர்த்தின் பையிலும் ஒரு பொம்மை தயாராக இருந்தது, பெயர் முத்துசாமி. 1803இல் படையோடு போய், ஜனங்கள் காலி செய்துவிட்ட கண்டியில் அவரை ராஜாவாக்கினார்கள். ஆள வேண்டிய குடிகள் காட்டுக்குள். மிஞ்சியது பட்டாளமும் காய்ச்சலும். ஜூன் மாதம் பட்டாளத்தின் மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலி கரையில் கண்டியார் முத்துசாமியைக் கேட்டார்கள், அவரும் கொடுத்துவிட்டார். முத்துசாமிக்கு மரணதண்டனை, படையினர் பெரும்பாலாருக்கும் அதே கதி. காப்பாற்ற வந்தவன் முதலில் கைவிடுவது யாரை என்று கேட்பவர்களுக்கு முத்துசாமி பதில்.

அடுத்த அதிகாரம் எஹெலேபொல. வெள்ளைக்காரனிடம் ஓடினார், 1814இல் ராஜா அவர் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆளுநர் பிரவுன்றிக்குக்கு அது தேடிக்கொண்டிருந்த காரணம். 1815 ஜனவரியில் அறிக்கை: எங்கள் சண்டை ராஜாவோடுதான், ஜனங்களோடு இல்லை. இந்த வசனத்தை இன்றைக்கும் எந்த நாட்டின் மேல் குண்டு விழுந்தாலும் தொலைக்காட்சியில் கேட்கலாம், எழுதியவன் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டான். பிப்ரவரியில் ராஜா பிடிபட்டு, பிறகு வேலூருக்குப் போனார். மார்ச் 2இல் கண்டி மண்டபத்தில், நாட்டை வெள்ளைக்காரனுக்குக் கையளிக்கும் ஒப்பந்தம் பிரதானிகளோடு.

இவர்களையெல்லாம் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, கதவைத் திறந்தது யார் என்று கேட்டால் என்ன நடக்கும்? பிரதானிகள் ராஜாவைக் காட்டுவார்கள். ராஜா எஹெலேபொலவைக் காட்டுவார். எஹெலேபொல, நான் உதவி கேட்டேனே தவிர நாட்டைக் கொடுக்கவில்லை என்பார். பிரவுன்றிக், கூப்பிட்டார்கள் வந்தேன் என்று தொப்பியைக் கழற்றுவார். பின்வரிசையில் வெள்ளைக்கார அதிகாரி ஜோன் டொய்லி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். சிங்களம் படித்து, மலைநாட்டுக்குள் ஆள் வைத்து, பிரதானிகளோடு ஓலை பரிமாறி, எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் அவர். என் தீர்ப்பு இதுதான்: கூப்பிட்டவர்களின் புத்தியை மெச்ச முடியாது. ஆனால் அழைப்பிதழை விருந்தாளியே அச்சடித்து, வீட்டுக்காரன் கையில் கொடுத்து, தனக்கே நீட்டச் சொன்னால், குற்றப்பத்திரிகையில் முதல் பேர் விருந்தாளியுடையது.

எஹெலேபொல பதவி வேண்டாம், பிரித்தானிய அரசின் நண்பர் என்ற பட்டம் போதும் என்றாராம். நண்பரை 1818இல் பிடித்து வைத்து, பிறகு மொரிசியஸுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கேயே செத்தார். நட்பு அவ்வளவு நெருக்கம்.

அதற்கு முன்பே, 1817இல், வெள்ளைக்காரனுக்கு எதிராக ஊவா எழுந்தது. வலப்பனையும் சேர்ந்தது. கலகத்தை அடக்க வெள்ளைக்காரன் அனுப்பிய பிரதானி கெப்பெட்டிபொல, துப்பாக்கிகளை அவனுக்கே திருப்பி அனுப்பிவிட்டு கலகக்காரர் பக்கம் சேர்ந்தார். ஜனங்களோடு சண்டை இல்லை என்றவர்கள் ஊரை எரித்தார்கள், நெல்லை எரித்தார்கள், மாட்டை அடித்தார்கள். கெப்பெட்டிபொலவின் தலையை 1818இல் வெட்டி, மண்டையோட்டை எடின்பரோவுக்கு அனுப்பி ஆராய்ச்சிக்கு வைத்தார்கள். கலகக்காரர்கள் ராஜாவாக நிறுத்திய வில்பாவ, தன்னைத் துரைசாமி என்றும் நாயக்கச் சொந்தம் என்றும் சொல்லிக்கொண்டவர். அந்நியனை விரட்ட இன்னொரு அந்நிய வம்சப் பெயர் தேவைப்பட்டது, ஒப்பந்தம் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

அந்த 1815 ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவைத் தோட்டத்துப் பிள்ளைகள் அவசியம் வாசிக்க வேண்டும். ராஜாவின் சொந்தங்கள் கண்டி மாகாணங்களின் எதிரிகள். வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆண்கள் திரும்பி வரக்கூடாது. மலபார் என்றால் அன்றைய வெள்ளைக்காரன் பேச்சில் தமிழர்களான நாங்கள்தான். 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் கன்னொருவையில் காப்பி நட்டார், காப்பி பறிக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்காக இந்தியாவிலிருந்து மன்னார்க் காட்டுவழியாக நடத்திக்கொண்டு வந்த எங்கள் கூட்டத்துக்கு அந்த 3ஆம் பிரிவை எந்தத் துரையும் வாசித்துக் காட்டவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோதுதான், நீங்கள் யார் கூப்பிட்டு வந்தீர்கள் என்று எங்களைக் கேட்டார்கள்.