ஒன்றே முக்கால் மாருதி

மடக்கு மசாஜ் டேபிள் விளம்பரத்தில் ‘2,500 பவுண்டு தாங்கும்’ என்று போட்டிருக்கிறான். கிலோவில் 1,134. மாருதி 800 காரின் எடை சுமார் 650 கிலோ. ஆக, ஒன்றே முக்கால் மாருதியைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பைப் பிடித்துவிடலாம். போன வாரம் நங்கநல்லூரில் ஒரு மாமா அப்படிப்பட்ட என் டேபிளின் முனையில் உட்கார்ந்தார். மறுமுனை எழும்பி, ஒரு கால் பிளந்துவிட்டது. மாமா 82 கிலோ.

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவன் நான். புது டேபிள் வாங்கியாக வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது என்று எழுதிவைத்தால் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் உதவுமே என்று நினைத்தேன். அதற்கு முன் இந்த உட்காரும் விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

நாம் உட்காருவதில்லை. “அப்பாடா, முருகா!” என்று பாதித் தூரம் இறங்குவோம். அங்கே கால்கள் ராஜினாமா செய்துவிடும். மீதித் தூரத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். சோபாவுக்கு இது பழகிவிட்டது. டேபிளுக்குப் பழகவில்லை. விளம்பரத்தின் 2,500 பவுண்டு என்பது அசையாமல், மெதுவாக, பரவலாக ஏற்றிய பாரத்துக்கான கணக்கு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘வேலை எடை 450 பவுண்டு’ என்று இருக்கும். அதாவது 204 கிலோ. படுத்திருப்பவரின் எடையும், மேலிருந்து நான் அழுத்துகிற அழுத்தமும் அதில் அடக்கம். முருகா அடக்கமில்லை.

நடுவில் பக்கவாட்டாக உட்கார்ந்து, சாய்ந்து, காலை மேலே எடுத்துக்கொள்வதுதான் முறை. இதைச் சொல்லாத வீடு கிடையாது, கேட்ட வீடும் கிடையாது. சிலர் முதலில் ஒரு முட்டியை ஏற்றுவார்கள். மொத்த உடம்பும் ஒரு முட்டியில், அதுவும் சரியாக மடிப்புக் கீலின் மேல். பிறகு அடுத்த முட்டி. நாலு காலில் நின்றபடி, “தலை எந்தப் பக்கம் தம்பி?” என்பார்கள். சிலர் முனையில் அமர்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகத் தத்தித் தத்தி நடுவுக்கு வருவார்கள். ஒவ்வொரு தத்துக்கும் அடியில் இருக்கும் இரும்பு வடம் ‘ணங்’ என்னும். அந்த வடம் விறைப்பாக இழுத்துப் பிடிப்பதால்தான் டேபிள் நிற்கிறது, கொஞ்சம் பார்த்து, என்றால், “நான் ஒண்ணும் அவ்ளோ வெயிட் இல்ல” என்று கோபித்துக்கொண்டு, நிரூபிப்பதற்காக இன்னொரு தத்து. இன்னும் சிலர் ஏறுவதற்கு முன் கட்டில் கடைக்கு வந்த மாதிரி நாலு காலையும் ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டினால் ஆடத்தானே செய்யும்? ஆடுகிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, வரிசையாக உட்காரவைத்துச் சோதிப்பார்கள். கடைசியாகப் பேரன் ஓடிவந்து குதிப்பான். “சும்மா இருடா, மாமா டேபிள் உடைஞ்சுடப் போகுது” என்று அவன் குதித்து முடித்த பிறகு சொல்வார்கள்.

படுத்த பிறகாவது நிம்மதி உண்டா? “திரும்பிப் படுங்க சார்” என்றால் போதும். 28 அங்குல அகலத்தில் டபுள் காட் புரளல் புரள்வார்கள். நான் ஓடிப்போய் மறுபக்கம் நின்று அணைகட்ட வேண்டும். எழுந்திருப்பதைப் பற்றி எழுதப் பத்திரிகையில் இடம் கொடுக்க மாட்டார்கள்.

சரி, டேபிள். 30 அங்குல அகலம் என்றால் படுப்பவர் கை தொங்காது. ஆனால் நான் எட்டிக் குனிய வேண்டும். பழைய அடுக்ககங்களின் லிப்டுக்குள் அதைத் திணிப்பதும் தனி யுத்தம். லிப்டே இல்லாத மூன்றாவது மாடி என்றால் எடை மட்டும்தான் பேச்சு. அலுமினியக் கால் என்றால் சுமார் 12 கிலோ, பீச் மரம் என்றால் சாதாரணமாக 15-க்கு மேல். மரம் உறுதி என்பார்கள். நங்கநல்லூரில் பிளந்தது மரம். மேல் உறை தைலம் குடித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்தே வெடிக்கும். உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி மேல்பரப்பைத் தொட வேண்டும். இதை அளந்து, குமிழைத் திருகி, காலைச் சரிசெய்து நிமிரும்போதுதான் வீட்டுக்காரர் வாயைத் திறப்பார்: “எதுக்கு இவ்ளோ சிரமம்? நம்ம கட்டில்லயே பண்ணிடுங்களேன்.”

கட்டில் ஒன்றரை அடி உயரம். அதில் குனிந்து முக்கால் மணி நேரம் இன்னொருவர் முதுகைச் சரிசெய்தால் என் முதுகுக்கு யார் வருவார்கள்? அவரும் ஒரு டேபிளைத் தூக்கிக்கொண்டுதான் வருவார். நான் அதில் எப்படி உட்காருவேன் என்பது எனக்குத் தெரியும். நானும் இந்த ஊர்க்காரன்தான்.

நேற்று அம்பத்தூரில், ஆசாரி பட்டை அடித்துக் கொடுத்த காலோடு பழைய டேபிளை விரித்து வேலையை முடித்தேன். மடக்கப் போகும்போது அந்த வீட்டு அம்மா வந்து நின்றார்.

“ஞாயித்துக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. சாப்பாட்டுக்காரர் மேஜைக்குத் தனியா வாடகை கேக்குறார். இதை ரெண்டு நாள் இங்கயே வெச்சுட்டுப் போங்களேன் தம்பி.”

“தைல வாடை வரும்மா.”

“மேல துணி விரிச்சுட்டாப் போச்சு.” டேபிளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். “இந்த மூஞ்சி வைக்கிற ஓட்டை இருக்கே, இதுல இருபது லிட்டர் தண்ணி கேனைக் கவுத்து வெச்சா நிக்குமா?”