பேச வராதவர் விற்கலாமா?

கேள்வி: வேகமாக வளரும் மென்பொருள் ஸ்டார்ட்-அப் ஒன்றில் சேல்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. எனக்குச் சரளமாகப் பேச வராது. சேரலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சேருங்கள். நன்றாகப் பேசுகிறவர் ஒரு முறை விற்பார். நன்றாகக் கேட்கிறவர் ஒவ்வொரு வருடமும் விற்பார். மென்பொருள் இப்போது பெரும்பாலும் சந்தா வியாபாரம். வாங்கியவர் புதுப்பித்தால்தான் லாபம். 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது. சென்னையில் உட்கார்ந்தபடியே உலகத்துக்கு விற்க முடியும் என்பதற்கு அது கண்கூடான சாட்சி.

சேரும் முன் மூன்றைக் கேளுங்கள். சம்பளத்தில் நிலையான தொகை எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு? போன காலாண்டில் எத்தனை பேர் டார்கெட்டைத் தொட்டார்கள்? வாடிக்கையாளர் பாதியில் விலகினால் கொடுத்த ஊக்கத்தொகையைப் பிடித்துக்கொள்வார்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் நம்பிச் சேரலாம்.

சேர்ந்த பிறகு ஒன்றே ஒன்று: டார்கெட் எவ்வளவு நெருக்கினாலும், இல்லாத வசதியை ‘அடுத்த மாதம் வந்துவிடும்’ என்று சொல்லி விற்காதீர்கள். அடுத்த மாதம் வருவது வசதி அல்ல, வாடிக்கையாளரின் போன். கம்பெனி மாறினாலும் கூடவே வருவது உங்கள் பெயர். அதைத் தள்ளுபடியில் விடாதீர்கள்.