எந்தத் தோட்டம்?

விழா எட்டரைக்குத் தொடங்கும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தால், ஏழரைக்கே வளாகத்துக்குள் காரை விட்டுவிடுகிற ஆள் அவர் ஒருவர்தான். ஏற்பாட்டுக் குழுவே அந்நேரம் விடுதியில் பல் விளக்கிக்கொண்டிருக்கும். கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையைப் பிடித்து வந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தின் டேவான் துங்கு சான்சலர் பக்கம் நிழல் பார்த்து வண்டியை நிறுத்துவார். பாத்தேக் சட்டையின் சுருக்கத்தைத் தட்டிவிட்டு, முதலில் கண்ணில் படுகிற மாணவனை நோக்கி நடப்பார். அவன் தோளில் வாழைமரமோ ஒலிபெருக்கியோ இருக்கும். ஓட முடியாது.

"தம்பி எந்தத் தோட்டம்?"

காலையில் கோலம், தோரணம், பானை வைத்துப் பொங்கல், உறியடி, மத்தியானம் பட்டிமன்றம், சாயங்காலம் ஆடல் பாடல். இதெல்லாம் மற்றவர்களுக்கு. அவருக்கு விழா என்றால் இந்த ஒரு கேள்விதான். காலை ஏழரையிலிருந்து இரவு காவலாளி விளக்கை அணைக்கும்வரை இதே கேள்வியைச் சலிக்காமல் கேட்பார்.

பதிலைக் கேட்டதும் ஆள் விட்டுவிடுவார் என்று நினைத்தால் அது புதுப் பிள்ளைகளின் அறியாமை.

"யூ.எஸ்.ஜே., அங்கிள்."

நாற்பது வருடத்துக்கு முந்தைய சீனியர் என்பதால் தன்னை 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளைகளுக்கு வாயில் வருவது 'அங்கிள்'தான். பெருந்தன்மையோடு அதை விழுங்கிக்கொள்வார்.

"யூ.எஸ்.ஜே. இருக்கட்டும்மா. அதுக்கு முன்ன?"

"முன்னயும் யூ.எஸ்.ஜே.தான். அங்கதான் பொறந்தேன்."

"அப்பா?"

"பூச்சோங்."

"தாத்தா?"

"அவரு நான் பொறக்கிறதுக்கு முன்னயே தவறிட்டாரு, அங்கிள்."

"அப்பச் சீஃபீல்டுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். இனி அந்தப் பெண் சீஃபீல்டு தோட்டத்துப் பிள்ளை. தாத்தாவுக்குத் துணையாக ஒரு லயம், பக்கத்தில் ஆயாக் கொட்டகை, அதற்கு எதிரே ஒரு மாரியம்மன் கோயில் எல்லாம் அவளுக்கு அங்கேயே ஒதுக்கப்பட்டுவிடும். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது சரியாக இருப்பதுதான். சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டத்தை அழித்து எழுந்த ஊர். ஷா ஆலம் இருக்கிற இடத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்தது. 1978-ல் அது சிலாங்கூரின் தலைநகரமானபோது அங்கே விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்ற கால்கள் பல இன்னும் நடமாடிக்கொண்டிருந்தன. செத்தியா ஆலமுக்கு அடியில் நார்த் ஹம்மொக். பண்டார் உத்தாமாவுக்கு அடியில் எஃபிங்கம். கிள்ளானில் பண்டார் புக்கிட் ராஜா, அந்தப்புறம் எல்மினா: இங்கெல்லாம் பெயரை மட்டும் விட்டுவைத்து மரத்தை எடுத்துவிட்டார்கள். கூகுள் வரைபடத்தில் பேரங்காடி தெரிகிற இடத்தில் அவர் கண்ணுக்கு நிரை நிரையாகப் பால்மரம் தெரியும். அவரோடு காரில் போகிறவர்கள் பாவம். டோல் சாவடியைக் காட்டி, "இங்கதான் பால் கொட்டகை" என்பார். சமிக்ஞை விளக்கு பச்சைக்கு மாறியதும் தெரியாது.

மாணவன் தாத்தா ஊரை அறியாதவனாக இருந்தால் அவரிடம் இன்னொரு வழி உண்டு. "எந்தத் தமிழ்ப்பள்ளி?" இந்த ஆயுதம் அநேகமாகத் தோற்காது. தோட்டம் போன பிறகும் பள்ளிக்கூடப் பலகையில் தோட்டத்தின் பெயர் நின்றுவிட்டது. அடுக்குமாடிகளுக்கு நடுவே 'லாடாங் மிட்லண்ட்ஸ்', 'லாடாங் சீஃபீல்டு' என்று இன்றைக்கும் பிள்ளைகள் சீருடையில் பெயர் தைத்துக்கொண்டு போகிறார்கள். 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இப்போது 530-கூட இல்லை என்ற கணக்கையும் அவர் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்வார். பையன் தேசியப் பள்ளியில் படித்தவன் என்று தெரிந்தால் மட்டும் முகம் வாடிவிடும். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்.

பிரிக்பீல்ட்ஸ் பையன்கள்தான் அவருக்குக் கண்டம். அங்கே ஏது தோட்டம்? ஒரு தடவை ஒருவன், தன் தாத்தா ரயில்வேக்காரர், நூறு குவார்ட்டர்ஸில் இருந்தவர், அதற்கு முன்னால் யாழ்ப்பாணம் என்று கணக்காகப் பதில் சொல்லிவிட்டு, தப்பித்துவிட்ட நிம்மதியில் சிரித்தான். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"யாழ்ப்பாணமா? அப்ப உங்க சொந்தத்துல ஒரு கிராணி கண்டிப்பா இருந்திருப்பாரே!"

இருந்திருக்கிறார். தாத்தாவின் மச்சான், பந்திங் பக்கம். பையன் தோற்றான். "எங்கப்பாவுக்கு அரை நாள் சம்பளம் வெட்டுனது அவராத்தான் இருக்கணும்" என்று அவன் முதுகில் தட்டி, அவன் வாங்கிய வடையில் பாதியைப் பிட்டுக்கொண்டார். பழைய பாக்கி.

வடைக்கு வரிசையில் நின்ற சீன மாணவனும் தப்பவில்லை. அவனிடம் மலாயில், எந்தப் புதுக்கிராமம் என்று விசாரித்தார். அவசரகாலத்தில், 1948-க்குப் பிறகு, காட்டோரத்துச் சீனக் குடும்பங்களை வேலிக்குள் கொண்டுவந்து குடியேற்றிய கிராமங்களைச் சொல்கிறார். பையன் முழித்தான். பாட்டி வீடு ஜின்ஜாங்கில் என்றான். அவர் வெற்றியோடு சுற்றியிருந்தவர்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

மற்றப் பழக்கங்கள் இல்லாமல் இல்லை. கோலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வார். கோலாலம்பூரில் 1966 ஏப்ரலில் நடந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைப் பற்றி, தனிநாயகம் அடிகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் போலப் பேசுவார். அப்போது அவருக்கு வயது நாலு.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்பதும் தெரிந்த கதைதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், புகுமுக வகுப்பில் ஒரு வருடம், டவுன் பள்ளிக்கூடத்துக்கு இருட்டோடு கிளம்பி லாரியில் போன வருடங்கள் என்று எல்லாம் தாண்டி, 80-களின் தொடக்கத்தில் ஒரு தகரப் பெட்டியோடு இந்த வளாகத்துக்கு வந்து இறங்கியவர். அம்மா மரம் சீவியவர். ஒட்டுப்பால் வாடை சட்டையை விட்டுப் போகவில்லையோ என்று முதல் வாரம் முழுக்கத் தன்னையே மோந்து பார்த்துக்கொண்டதாக அவரே சொல்வார். அந்த நாளில் விடுதியில் ஒருவன் இன்னொருவனிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டால் அதற்குப் பொருள் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்று தெரிந்தால் மாசக் கடைசியில் பத்து வெள்ளி கடன் கிடைக்கும். வீட்டுக்குக் கடிதம் கொடுத்தனுப்பலாம். காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கு ஆள் உண்டு.

பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன. பால்மரம் செம்பனையாகி, செம்பனை வீட்டு மனையானது. லயத்து ஜனம் புறம்போக்குக் குடிசைக்கும், நீள்வீட்டுக்கும், மலிவு விலை அடுக்குமாடிக்கும் சிதறிப் போனது. பக்கத்துத் தோட்டம் என்ற ஒன்றே இல்லாமல் போன பிறகும் அவர் கேள்வி மட்டும் இடம் மாறவில்லை. இந்த வளாகத்திலும் அந்தப் பால்மரத்தின் தடம் உண்டு. 1974-ல் பல்கலைக்கழகம் தொடங்கிய ரிம்பா இல்மு தாவரவியல் தோட்டம்கூடப் பழைய ரப்பர்க் காட்டு நிலம்தான். மத்தியானத்தில் கூட்டம் சாப்பாட்டுக்குப் போன நேரம் அவர் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவதுண்டு. அங்கே யாரையும் எதுவும் கேட்பதில்லை.

நல்ல மனநிலையில் இருந்தால், அவரைப்போல் கதை சொல்ல ஆள் கிடையாது. ஒரு விழாவில், வாகன நிறுத்தத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற நாலு பையன்களுக்கு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைச் சொன்னார். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்து ஆர்.எச்.நாதன் தலைமையில் கோரிக்கை வைக்கிறார்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பவற்றோடு இன்னொன்றும் அதில் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது, ஆட்கள் செத்தார்கள். "சைக்கிள்ல உக்காந்தபடியே போறதுக்குடா" என்று அவர் சொன்னபோது, அந்த நாலு பேரில் ஒருவன் கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். வேறு எந்தச் சிறப்பு விருந்தினருக்கும் அந்த மரியாதை அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அவரை மேடைக்கு ஏற்றினால்தான் கெட்டது.

பழைய மாணவர், நாலு பெட்டி மினரல் தண்ணீர் நன்கொடை கொடுத்தவர் என்பதற்காகப் பேச்சுப் போட்டிப் பரிசை அவர் கையால் கொடுக்க வைப்பார்கள். ஒலிவாங்கி அவர் கைக்கு எப்படிப் போகிறது என்பது யாரும் கண்டுபிடிக்காத வித்தை. முதல் பரிசுக்காரி மேடையேறுகிறாள். கோப்பையை ஒரு கையால் அவளிடம் நீட்டி, மறு கையால் விடாமல் பிடித்துக்கொண்டு, முந்நூறு பேர் கேட்க ஒலிபெருக்கியில் ஆரம்பிப்பார்: "தங்கச்சி எந்தத் தோட்டம்?" சித்தியவானில் இருக்கிற பெரியப்பாவைக் கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். இரண்டாம் பரிசுக்காரன் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நிற்பான். நடனத்துக்குச் சலங்கை கட்டிய பிள்ளைகள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்வார்கள். பத்தரைக்கு மண்டபத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆறு வாரம் ஒத்திகை பார்த்த நாடகத்தின் கடைசிக் காட்சியை அப்படியே வெட்டிய வருடம் உண்டு. நாயகன் சாகவில்லை, நேரமில்லை.

அந்தப் பெண் பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. ஐந்தே நிமிடம் அசத்தலாகப் பேசி வாங்கிய கோப்பை அது. என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவள் எதைப் பற்றிப் பேசினாள் என்பதும் அவருக்குத் தெரியாது. அந்நேரம் வெளியே யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் இடப்பக்கத்துப் பல்லால் மட்டுமே முறுக்கு கடிக்கிறார் என்பதை அவள் கவனித்துவிட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இதுவரை சிரித்துக்கொள்ளலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அவரோடு ஒட்டிக்கொண்டு வரும் சகாக்களில் ஒருவர், தோட்டம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "எந்த லயத்துப் பக்கம்? எந்தக் கோயில் கும்புடுவாங்க? ஆளுங்க யாரு?" என்று மேலே போவார். அந்தக் கேள்வி எதற்கு என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். கப்பலேறி வந்தபோது கடலில் போடாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்த சாமான் அது. அரசாங்கத் தேர்வு எழுதி இடம் வாங்கி வந்த பிள்ளையிடம், அதுவும் அவர்களே உழைத்து நடத்துகிற விழாவில், அதைக் கேட்கிற துணிச்சல் எங்கிருந்து வருகிறதோ! நம்மவர் அப்படிக் கேட்கிற ஆள் அல்ல. ஆனால் பக்கத்தில் நிற்கிறவர் கேட்கும்போது அவர் வானத்தைப் பார்க்கிறார். பேசி வாய் ஓயாதவர் அந்த ஒரு நிமிடம் மட்டும் ஊமையாவது அழகாக இல்லை.

அடுத்த விழாவுக்கு இப்போதே கூட்டம் போட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அவரை அழைக்காமல் விடாதீர்கள்; அழைக்காவிட்டாலும் வருவார். உறியடிக்கும் வடைக் கடைக்கும் நடுவே அவருக்கு ஒரு மேசை போடுங்கள். பழைய சிலாங்கூர் வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து மேசையில் விரியுங்கள். எந்தத் தோட்டம் எங்கே இருந்தது, அங்கே லயம் எத்தனை, கோயில் எந்தப் பக்கம் என்று அவர் குறித்துக்கொண்டே போகட்டும். பக்கத்தில் ஒரு மாணவரை உட்காரவைத்து, சொல்வதையெல்லாம் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். இப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தக் குரல் தாழ்த்தும் சகாவுக்கு மட்டும் நாற்காலி போட வேண்டாம். பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஓய்வாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு நடை வரலாம்.

தேநீர், சீனி குறைவாக. ஒலிவாங்கி எந்தக் காரணத்தைக் கொண்டும் கூடாது.